எல்லாம் ஒரே போனில் இருந்தால்

கேள்வி: சென்னையில் பால்புதுமையர்களுக்கான (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோருக்கான) ஞாயிறு காலை ஷட்டில் குழு ஒன்றை நான்கு வருடமாக நடத்திவருகிறேன். வயது 31, தன்பாலீர்ப்புள்ள பெண். ஏழு பேரோடு தொடங்கியது. இப்போது வாட்ஸ்அப் குழுவில் 86 பேர். ஆட வருவது வாரம் பதினான்கிலிருந்து பதினெட்டு பேர். மூன்று கோர்ட், இரண்டு மணி நேரம், கோர்ட்டுக்கு மணிக்கு 400 ரூபாய். ஆளுக்கு 150 வாங்குகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களால் மாதாமாதம் இரண்டாயிரத்துக்கு மேல் கையைக் கடிக்கிறது. கோர்ட் பிடிப்பது, காசு, புதியவர்களோடு பேசுவது, சண்டை தீர்ப்பது, நடுராத்திரி அழுதுகொண்டு கூப்பிடுகிறவர்களைத் தேற்றுவது எல்லாம் நான்தான். போன மாதம் புதிதாக வந்த திருநம்பி (பிறப்பில் பெண் எனப் பதிவாகி ஆணாக வாழ்பவர்) ஒருவர் எங்கள் மூத்த ஆட்டக்காரர் மேல் புகார் சொன்னார்: ஆட்டம் முடிந்ததும் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார், வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. அந்த மூத்தவர் என் நெருங்கிய நண்பர். கோர்ட் கிடைத்ததே அவர் தயவில்தான். இதற்கு நடுவில் சங்கமாகப் பதிவு செய்யலாம், மே மாதம் போட்டி வைக்கலாம் என்று சிலர் துடிக்கிறார்கள். நான் விலகினால் குழு கலைந்துவிடும். விலகாவிட்டால் நான் கலைந்துவிடுவேன். என்ன செய்யலாம்?
பெயர் வேண்டாம், சென்னை

பதில்:

அன்புத் தோழிக்கு,

கடிதத்தில் ஐந்தாறு சிக்கல் இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றவை இன்னும் ஒரு மாதம் பொறுக்கும். புகார் பொறுக்காது, ஏற்கெனவே ஒரு மாதம் ஓடிவிட்டது. அதிலிருந்தே தொடங்குவோம்.

அந்தப் புகாரை நீங்கள் விசாரிக்கக் கூடாது. உங்கள் நேர்மையில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் என்ன முடிவு சொன்னாலும் அது எடுபடாது. நண்பர் பக்கம் உண்மையிலேயே நியாயம் இருந்து அதைச் சொன்னாலும் 'வேறென்ன சொல்வாள்' என்பார்கள். அவரை நிறுத்தி வைத்தால் 'கூட்டத்துக்குப் பயந்து என்னை விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்று அவர் சொல்வார். குழுவில் இந்த இருவரோடும் நெருக்கம் இல்லாத இரண்டு பேரைக் கேளுங்கள். ஒருவராவது திருநராக இருந்தால் நல்லது. அப்படி யாரும் கிடைக்காவிட்டால் சென்னையில் இயங்கும் வேறொரு சமூக அமைப்பிலிருந்து ஒருவரை இரண்டு வாரத்துக்கு இரவல் கேட்பதில் தப்பில்லை.

அந்த இரண்டு பேர் புகார் சொன்னவரை 48 மணி நேரத்துக்குள், அவர் சொல்லும் இடத்தில் சந்திக்க வேண்டும். கோர்ட் பக்கம் வேண்டாம். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, படித்துக் காட்டி, 'இதுதானே சொன்னீர்கள்' என்று கேட்க வேண்டும். 'தொட்டுத் தொட்டுப் பேசினார்' என்று அவர் சொன்னதை எழுதுகிறவர் 'பாலியல் அத்துமீறல்' என்று மாற்றிவிட்டால், நடந்தது என்ன என்பதை விட்டுவிட்டு அந்தச் சொல் சரியா தப்பா என்றே எல்லோரும் மல்லுக்கட்டுவார்கள். எந்த ஞாயிறு, எந்த இடம், பக்கத்தில் யார் இருந்தார்கள், வேண்டாம் என்பதை எப்படிச் சொன்னார் என்பதெல்லாம் வேண்டும். கடைசியாக இரண்டு கேள்வி. என்ன நடந்தால் நீங்கள் மறுபடி நிம்மதியாக ஆட வருவீர்கள்? இதை யாரிடமெல்லாம் நாங்கள் சொல்லலாம்? இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. நம் குழுக்களில் அதுதான் அவசியம். அவர் திருநம்பி என்பதே வீட்டுக்கோ ஆபீஸுக்கோ தெரியாமல் இருக்கலாம். புகார் வெளியே போனால் அந்த விஷயமும் கூடவே போகும்.

அடுத்து உங்கள் நண்பரின் பேச்சையும் அதேபோல் எழுதிக்கொள்ள வேண்டும். முடிவு வரும்வரை ஞாயிறு வராமல் இருக்க வேண்டியவர் அவர். புகார் சொன்னவர் அல்ல. இது தண்டனை இல்லை, இடைக்கால ஏற்பாடு என்று அவரிடம் சொல்லிவிடலாம். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். புகார் சொன்னவர் சங்கடப்பட்டுத் தானாகவே நின்றுவிடுவார், எல்லோரும் 'அடங்கிவிட்டது' என்று மூச்சு விடுவார்கள், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் அதே ஆளைப் பற்றி அதே புகாரோடு வருவார். விசாரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து 14 நாளுக்குள் முடிவு வர வேண்டும். எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு தொடர விடலாம், மூன்று மாதம் நிறுத்தி வைக்கலாம், அல்லது இனி வர வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டு பேருக்கும் தனித்தனியே நேரில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஒரு வரி, ஒரு எமோஜிகூட வேண்டாம். எழுதிய தாளில் முழுப் பெயர் இல்லாமல் முதல் எழுத்து மட்டும் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, அந்த இருவரில் ஒருவரிடம் இருக்கட்டும். உங்களிடம் வேண்டாம்.

போலீசுக்குப் போவதா என்பது புகார் சொன்னவரின் முடிவு. போக வேண்டாம் என்று கெஞ்சவும் கூடாது, போயே ஆக வேண்டும் என்று தள்ளவும் கூடாது. சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்திருக்கட்டும்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், சம்மதமில்லாத 'இயற்கைக்கு மாறான உறவை'த் தண்டித்த பழைய 377ஆம் பிரிவுக்கு இணையாக எதுவும் இல்லை. வயது வந்த ஓர் ஆண் மீது நடக்கும் வன்புணர்வுக்குத் தனிப் பிரிவே கிடையாது. காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் போன்ற பிரிவுகளில்தான் வழக்கு போடப் பார்ப்பார்கள். திருநர் மீதான பாலியல் துன்புறுத்தலை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றம் என்கிறது. சட்டம் இப்படி அரைகுறையாக இருக்கும்போது குழுவுக்குள் ஒழுங்கான நடைமுறை இருப்பது இன்னும் அவசியமாகிறது. ஒன்றில் மட்டும் உங்களுக்குத் தேர்வு இல்லை: பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழே என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர்கள் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அதனாலேயே குழுவில் 18 நிரம்பாதவர்களைச் சேர்க்காதீர்கள். 'பதினேழரை, ரொம்ப நல்ல பையன்' என்றாலும் வேண்டாம்.

கோர்ட் உங்கள் நண்பரின் தயவில் இருப்பதால் புகாரை எடுக்கவே எல்லோருக்கும் கை நடுங்குகிறது, இல்லையா? இந்த வாரமே கோர்ட் நடத்துகிறவரிடம் போய் இரண்டாவது ஆளின் பெயரையும் எண்ணையும் புக்கிங்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே நாலைந்து கிலோமீட்டருக்குள் இன்னொரு இடத்தில் விலை விசாரித்து, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அங்கே ஆடிப் பழகுங்கள். தனித்தனிக் கழிப்பறை இருக்கிறதா, உடை மாற்றும் இடத்துக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சிசிடிவி எந்தப் பக்கம் பார்க்கிறது, இந்த மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

இனி காசு. மூன்று கோர்ட் இரண்டு மணி நேரத்துக்கு 2,400. காக் (இறகுப்பந்து), தண்ணீர் என்று 300 சேர்த்தால் ஒரு ஞாயிறுக்கு 2,700. நீங்கள் அதைப் பதினெட்டால் வகுத்து 150 என்று வைத்திருக்கிறீர்கள். பதினெட்டு பேர் வந்தால் சரி. பதினான்கு பேர் வந்தால் 2,100தான் சேரும், 600 குறையும். நாலு ஞாயிறு அப்படிப் போனால் 2,400. கையைக் கடிப்பது வராதவர்கள் மட்டும் இல்லை, இந்தக் கணக்கும்தான். அதிகம் பேர் வரும் வாரத்தை வைத்து விலை போடக் கூடாது. குறைவாக வரும் வாரத்தை வைத்துப் போட வேண்டும். 2,700ஐப் பதினான்கால் வகுத்தால் 193, அதாவது 200.

'200 கொடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்' என்று உடனே கேட்பீர்கள். மூன்று விலை வையுங்கள்: 200, 100, இலவசம். யார் எது என்பது காசு பார்க்கிறவருக்கு மட்டும் தெரியட்டும், காரணம் கேட்க வேண்டாம். பதினெட்டு பேரில் பன்னிரண்டு பேர் 200, நாலு பேர் 100, இரண்டு பேர் இலவசம் என்றாலும் 2,800 வந்துவிடும். வீட்டை விட்டு வந்தவர், வேலை போனவர் என்று நம்மிடையே எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். மானம் போகாமல் ஆட வர இதுதான் வழி. காசு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் வந்தால்தான் இடம். அதற்குப் பிறகு வர முடியாதவர் தன் இடத்துக்கு வேறொருவரைப் பிடித்துக் கொடுத்தால் பணம் திரும்பும், இல்லாவிட்டால் இல்லை. முதல் மூன்று வாரம் முணுமுணுப்பு இருக்கும். நாலாவது வாரத்திலிருந்து வருகிறேன் என்று சும்மா கை தூக்குகிறவர்கள் குறைந்துவிடுவார்கள்.

ஜிபேயில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பணம் அனுப்பும்போது இரண்டு பக்கமும் வங்கியில் பதிவான பெயர் தெரியும். குழுவில் கார்த்திக் என்று எல்லோருக்கும் தெரிந்த திருநம்பியின் வங்கிக் கணக்கு இன்னும் அப்பா அம்மா வைத்த பெயரில் இருக்கலாம். 'பணம் வந்தது' என்று காட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் போட்டால் அவருடைய பழைய பெயரை 86 பேருக்கு அறிவித்ததாகிவிடும். கணக்கைத் தாளாகப் போடுங்கள்: தேதி, எத்தனை பேர், மொத்த வரவு, மொத்த செலவு, மீதி. பெயர்கள் வேண்டாம். அதேபோல் அனுப்புகிறவர்கள் குறிப்பில் 'ஷட்டில்' என்று மட்டும் எழுதட்டும், குழுவின் பெயரை எழுத வேண்டாம். வீட்டில் பாஸ்புக்கைப் புரட்டுகிற அப்பாக்கள் நம் ஊரில் நிறைய.

வாட்ஸ்அப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், ஆனாலும் நான்கு வருடமாக மாற்றவில்லை என்று நினைக்கிறேன். 86 பேர் உள்ள குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற 85 பேருக்குத் தெரியும். அதில் வாரம் பதினெட்டு பேர்தான் வருகிறார்கள் என்றால் மீதிப் பேர் யார்? ஒரே ஒரு முறை வந்தவர்கள், பாதியில் ஊர் மாறியவர்கள், யார் சேர்த்தது என்றே தெரியாதவர்கள். டேட்டிங் ஆப்பில் பொய் முகத்தோடு பழகி, வீட்டில் சொல்லிவிடுவேன் என்று பணம் பறிக்கும் கும்பல்கள் இருப்பது உங்களுக்குப் புதிதில்லை. அப்படி ஒரு ஆளுக்கு இந்த எண்கள் ஒரே கல்லில் 85 மாங்காய். வாட்ஸ்அப்பிலேயே 'கம்யூனிட்டி' என்ற வசதி இருக்கிறது. அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர்களின் எண் அட்மின்களுக்கும் ஏற்கெனவே எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கும் மட்டும்தான் தெரியும். ஞாயிறு நேரம், இடம் எல்லாம் அதில் போகட்டும். அரட்டைக்குத் தனிக் குழு. மூன்று முறை நேரில் வந்து ஆடியவர்கள் மட்டும் அதில். குழுவின் பெயர் 'ஞாயிறு ஷட்டில்' என்றே இருக்கட்டும், படத்தில் ஒரு பேட் போதும். பூட்டிய போன் திரையிலும் குழுப் பெயர் மின்னும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் போனை அம்மாதான் முதலில் பார்ப்பார்.

அட்மின் மூன்று பேர் வேண்டும். இப்போது நீங்கள் ஒருவர்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. நாளைக்கு உங்கள் வீட்டிலேயே போனைப் பிடுங்கி வைத்தால், நம் பெண்களுக்கு இது நடக்காத கதை இல்லை, 86 பேரின் எண்ணும் பேச்சும் திறந்து கிடக்கும். மற்ற இரண்டு அட்மின்களில் யாராவது ஒருவர் சில நிமிடங்களில் உங்கள் எண்ணை வெளியே எடுக்க வேண்டும். குழுவைத் தொடங்கியவரை மற்ற அட்மின்களால் எடுக்க முடியாது, அதனால் புதிய குழுவை உங்கள் எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். அதற்கு ஒரு சங்கேத வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய போனிலிருந்தாவது 'பச்சைக் காக் தீர்ந்துவிட்டது' என்று ஒரு செய்தி வந்தால் போதும் என்பதுபோல.

புதியவரைச் சேர்ப்பதும் ஒருவர் வேலையாக இருக்கக் கூடாது. வரவேற்க இரண்டு பேரை வையுங்கள், வெவ்வேறு பாலினத்தவராக. பத்து நிமிடம் போனில் பேசினால் போதும். 'நீ உண்மையிலேயே கே (gay) தானா' என்று சோதிக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டால் தயங்கித் தயங்கி வருகிறவர் ஓடிவிடுவார், நடிக்க வந்தவர் அழகாகப் பதில் சொல்லிவிடுவார். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும், படம் எடுத்தால் பரவாயில்லையா, ஆட்டம் எந்த அளவு, முட்டி தோள் வலி உண்டா, குழுவைப் பற்றி யார் சொன்னார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் வந்தால் அந்த ஆளிடம் கேட்டுக்கொள்ளலாம். இடத்தின் வரைபடம் சனிக்கிழமை இரவு போகட்டும். முதல் நாள் வாசலில் ஒருவர் நின்று கூட்டி வந்து, முதல் டபுள்ஸில் அவருக்கே பார்ட்னராக ஆட வேண்டும். வரவேற்பு வேலையில் இருப்பவர்கள் புதியவர்களோடு முதல் மூன்று மாதம் காதல், டேட்டிங் வேண்டாம் என்று ஒரு விதி வையுங்கள். இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். ஆனால் வாசலில் நிற்கிறவரே வலை வீசுகிறார் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பினால் அந்தக் குழுவுக்குப் புதிதாகப் பெண்களும் திருநர்களும் வருவது நின்றுபோகும்.

அதே பேச்சில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்க வேண்டும். சாதாரண குழுவில் அப்பா எண்ணை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். இங்கே மூன்று பகுதியாகக் கேளுங்கள்: யாரைக் கூப்பிடலாம்? அவரிடம் எங்களை யார் என்று சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரிச் சீட்டில் எந்தப் பெயர் எழுத வேண்டும்? கணுக்கால் புரண்டு ஒருவர் துடிக்கும்போது, 'நீங்கள் யார், என் பிள்ளை அங்கே என்ன செய்கிறாள்' என்று அந்தப் பக்கம் கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும். இந்தச் சீட்டுகள் கூகுள் ஷீட்டில் வேண்டாம். காகிதத்தில், முதலுதவிப் பையோடு, ஒரு ஆளிடம் இருக்கட்டும்.

நடுராத்திரி அழைப்புகளைப் பற்றி வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன்: அதை நீங்கள் நிறுத்த வேண்டும். உங்களிடம் கருணை இருக்கிறது, பயிற்சி இல்லை. உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று சொல்கிறவரிடம் தூக்கக் கலக்கத்தில் பேசி, ஒரு நாள் போனை எடுக்காமல் விட்டு, அன்றைக்கே ஏதாவது நடந்தால் உங்களால் தாங்க முடியாது. இரவு பத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று குழுவிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே எண்கள் கொடுங்கள்: மத்திய அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டின் 104, தற்கொலைத் தடுப்பு அமைப்பான சென்னை சினேகா 044-24640050. பால்புதுமையரைப் புரிந்து நடத்தும் மனநல மருத்துவர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், திருநருக்குத் தங்க இடம் பார்த்துக் கொடுக்கக்கூடிய அமைப்பு ஒன்று என்று மூன்று பெயரை நீங்களே பேசி உறுதி செய்து வைத்திருங்கள். அதற்கு மேல் ஷட்டில் குழுவால் ஆகாது. ஆட்டம் முடிந்து எதிர்க் கடையில் இட்லி சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது வேறு. அது எல்லோரும் செய்யலாம். சொல்லப்போனால் பாதிப் பேர் வருவதே அந்த இட்லிக்குத்தான்.

இப்போது உங்கள் தோளிலிருந்து இறக்கும் வேலை. ஒரு தாளை எடுத்து இந்த மாதம் குழுவுக்காகச் செய்த ஒவ்வொன்றையும் எழுதுங்கள், ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும். முப்பதைத் தாண்டும். அவற்றைக் கோர்ட்டும் காக்கும், காசு, வரவேற்பு, புகார் என்று நான்கு கூடையில் போடுங்கள். ஒவ்வொரு கூடைக்கும் ஒருவர், அவருக்குத் துணைக்கு ஒருவர். காசும் புகாரும் ஒரே ஆளிடம் போகக் கூடாது. காதலர்கள் இரண்டு பேர் ஒரே கூடையில் இருக்கவும் கூடாது, பிரிந்தால் கூடையும் உடையும். ஆறு மாதம் ஆனதும் துணை ஆள் மேலே வர வேண்டும், பழையவர் விலக வேண்டும்.

'யாராவது உதவிக்கு வாருங்கள்' என்று குழுவில் போட்டால் பதினைந்து இதயமும் நான்கு கைகூப்பும் வரும், ஆள் வரமாட்டார். ஒவ்வொருவராக, நேரில், சின்ன வேலையாக, முடியும் நாளோடு கேட்க வேண்டும்: 'அடுத்த நாலு ஞாயிறு காக் வாங்கிக்கொண்டு வர முடியுமா? நைலான், பச்சை மூடி, வாரத்துக்கு நாலு. பணம் முன்னாடியே தருகிறேன்.' முடியாது என்று சொல்லவும் அதில் இடம் இருக்கிறது. பச்சை மூடி என்று சொல்வதற்குக் காரணம், சூட்டில் காக் வேகமாகப் பறக்கும். பச்சைதான் மெதுவானது, சென்னைக்குப் பொருந்தும். இப்படி எதை, எவ்வளவு, ஏன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் செய்கிறவருக்குத் தன் வேலை என்று ஆகிவிடும். அவர் நீல மூடி வாங்கி வந்துவிட்டால் அதிலேயே ஆடுங்கள். நீங்கள் ஓடிப்போய்ப் பச்சை வாங்கி வந்தீர்களானால் அவர் அடுத்த வாரம் வாங்க மாட்டார். நான்கு வாரம் முடிந்ததும் 'தொடர்கிறீர்களா, வேறு ஆள் பார்க்கட்டுமா' என்று கேட்க மறக்காதீர்கள்.

கோர்ட்டுக்குள் ஒரு மாற்றம். பதினெட்டு பேரில் பன்னிரண்டு பேர் ஆடினால் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். யார் உட்காருகிறார்கள் என்று இரண்டு வாரம் எண்ணிப் பாருங்கள். நன்றாக ஆடும் ஆண்கள் கோர்ட்டை விட்டு இறங்காமல், பெண்களும் புதியவர்களும் பெஞ்சில் இருந்தால், அவர்கள் மூன்றாம் மாதம் வரமாட்டார்கள். ஆட்டத்தை 21க்குப் பதில் 15 புள்ளியில் முடியுங்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்தே வெளியே வரட்டும். ஒன்றாம் கோர்ட் வேக ஆட்டம், இரண்டாம் கோர்ட் சீட்டு எடுத்துக் கலப்பு, மூன்றாம் கோர்ட் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று முதல் ஒரு மணி நேரம் பிரித்துவிடுங்கள். மார்பை அழுத்தும் பைண்டர் போடும் திருநம்பிகளிடம் வரவேற்பு ஆள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: ஆடும்போது இறுக்கமான பைண்டர் வேண்டாம், ஒரு அளவு பெரியதோ ஸ்போர்ட்ஸ் பிராவோ போதும், துணிக்கட்டு கட்டி ஆடவே கூடாது; மூச்சு இழுக்க முடியாமல் தலை சுற்றி விழுவார்கள். அவர் அடிக்கடி உட்கார்ந்தால் ஏன் என்று யாரும் கேட்க வேண்டாம். படம் எடுப்பதற்கு வழி எளிது: படம் வேண்டாம் என்பவர்களுக்குக் கையில் ஒரு சிவப்பு ரப்பர் பட்டை. பின்னணியில் சிவப்புப் பட்டை தெரிந்தால் அந்தப் படம் அழிக்கப்படும்.

பக்கத்தில் யாராவது முணுமுணுத்துப் போலீஸ் வந்தால் பேச இரண்டு பேரை முன்பே முடிவு செய்து வையுங்கள். மற்றவர்கள் ஆடிக்கொண்டே இருக்கட்டும். 2021 ஜூன் 7 அன்று, தன்பாலீர்ப்புள்ள பெண்கள் இருவர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவைத் தொடர்ந்து, 2022இல் தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி சேர்ந்தது. பால்புதுமையரையும் அவர்கள் நலனுக்கு உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. சட்டப்படியான விசாரணைக்கு அது தடை இல்லை. அந்த விதியின் அச்சுப் பிரதி ஒன்று, கோர்ட் ரசீது ஒன்று, இரண்டும் முதலுதவிப் பையில் இருக்கட்டும். குரலை உயர்த்தாமல் இரண்டையும் காட்டினால் பெரும்பாலும் போதும்.

சங்கப் பதிவுக்கு இப்போது அவசரப்படாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி குறைந்தது ஏழு பேர் பெயர், முகவரி, தொழில், கையெழுத்தோடு முன்வர வேண்டும். நிர்வாகிகள் பட்டியலும் கணக்கும் வருடாவருடம் பதிவாளரிடம் போகும். அவை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கக்கூடிய தாள்கள். வெளிப்படையாக வாழும் ஏழு பேர் உங்களிடம் இருக்கிறார்களா? 'இருக்கிறோம்' என்று இன்றைக்குச் சொல்கிறவர்கள் கல்யாணப் பேச்சு வரும்போதும் அப்படியே இருப்பார்களா? அதே சமயம், உறுப்பினர் எண்ணிக்கையோ வரவுசெலவோ ஓர் அளவைத் தாண்டிய சங்கம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. கோர்ட் வாடகையைப் பங்கு போட்டு ஆடுவது வேறு. சந்தா வாங்கி, தேர்தல் வைத்து, நன்கொடை திரட்டுவது வேறு. இரண்டாவது பக்கம் நகர்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். நன்கொடை தர யாராவது முன்வந்தால், ஏற்கெனவே பதிவான சமூக அமைப்பு ஒன்றின் கீழ் ஒரு திட்டமாக வாங்கிக்கொள்வது இப்போதைக்குப் போதும்.

மே போட்டி வேண்டாம். வெயிலுக்காகச் சொல்லவில்லை, நான்கு கூடைக்கும் ஆள் பழகாமல் போட்டி வைத்தால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும். துடிக்கிறவர்களை அக்டோபருக்குத் தயார் செய்யச் சொல்லுங்கள், சின்ன அளவில். எட்டு ஜோடி, நாலு நாலாக இரண்டு பிரிவு என்றால் பிரிவு ஆட்டம் பன்னிரண்டு, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று. ஆட்டத்துக்கு இருபது நிமிடம் வைத்தால் மூன்று கோர்ட்டில் பிரிவு ஆட்டங்கள் 80 நிமிடம், மற்றவை 40. இடையே மூச்சு வாங்கவும் பரிசு கொடுக்கவும் சேர்த்து மூன்று மணி நேரம் புக் செய்தால் நிதானமாக முடியும். ஆண், பெண் என்று பிரிக்காமல் ஆட்டத் திறனை வைத்து ஏ, பி என்று பிரியுங்கள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனிடமிருந்து பாலினச் சோதனையின் பேரில் வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் குழுவில் இருக்கிறார்கள். யார் எந்தப் பிரிவு என்று மேசை போட்டு விசாரிக்கும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. சட்டையைக் கடைசியில் அச்சடியுங்கள், போட்டியின் பெயரே கடைசி நேரத்தில் மாறலாம். 1982இல் சான்பிரான்சிஸ்கோவில், 1968 ஒலிம்பிக் டெகாத்லான் வீரர் டாம் வாடலும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்திய, பால்புதுமையருக்கான விளையாட்டு விழாவான முதல் கே கேம்ஸுக்கு, நடக்கச் சில வாரமே இருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து, பெயரிலிருந்த 'ஒலிம்பிக்' என்ற சொல்லையே எடுக்க நேர்ந்தது. சுமார் 1,350 பேர் அப்படியும் வந்து ஆடினார்கள்.

விலகினால் குழு கலையுமா என்பதை ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். புகார் முடிந்து, கூடைகளுக்கு ஆள் வந்து, ஆறு வாரம் கழித்து, அடுத்தடுத்த இரண்டு ஞாயிறு நீங்கள் போகாதீர்கள். ஊரில் இருந்தாலும் போகாதீர்கள், போனிலும் வழி சொல்லாதீர்கள். முதல் ஞாயிறு ஏதாவது சொதப்பும்: காக் பத்தாது, சாவி வைத்திருப்பவர் வர அரை மணி ஆகும். அதைச் சரி செய்ய உங்களைக் கூப்பிடாமல் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயர் நீங்கள் இதுவரை நினைத்தே பார்க்காத ஆளாக இருக்கலாம். அடுத்த ஆறு மாதத்துக்குக் கோர்ட் கூடையை அவரிடம் கொடுத்துவிட்டு, 200 ரூபாய் கட்டி, நீங்கள் ஆட மட்டும் போங்கள்.